குத்துச்சண்டை வரலாற்றில் ஜோ லூயிஸின் இடம் எது?

விளையாட்டுத் துறையில் தீர்ப்பு வழங்கப்படாமலேயே தொடர்ந்து வரும் வழக்குகள் சில உண்டு. குத்துச்சண்டையின் அதிபாரப் பிரிவில் எல்லாக் காலத்துக்கும் உரிய முதன்மை வீரர் யார் என்பது அவற்றுள் ஒன்றாகும். இவ்வினா எழுப்பப்படும்போதெல்லாம் இன்றைய தலைமுறையினர் தயக்கமின்றி முஹம்மத் அலியின் பெயரைக் கூறுவர். ஒரு போட்டியிலேனும் தோல்வியடையாது விலகியவர் என்ற வகையில் ரொக்கி மார்சியானோவை முன்னிறுத்துவோரும் உளர். ஆயினும், இவ்விருவருக்கும் முன்னர் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் உலக சம்பியன் பட்டத்தைத் தன்வசம் வைத்திருந்த ஜோ லூயிஸின் பெயர் இவ்விவாதத்தில் பெரும்பாலும் மூன்றாவதாகவோ நான்காவதாகவோதான் உச்சரிக்கப்படுகின்றது. இது நியாயமானதா என்பதை அவரது வாழ்க்கையின் பின்னணியில் வைத்து நோக்குவது பொருத்தமானதாகும்.

ஜோசப் லூயிஸ் பரோ என்ற இயற்பெயரைக் கொண்ட இவர் 1914ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலமான அலபாமாவில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளைக் கொண்ட குடும்பத்தில் ஏழாவது பிள்ளை. அடிமைகளாயிருந்தோரின் வழித்தோன்றல்களான பெற்றோர், பிறருடைய நிலத்தில் விளைச்சலைப் பங்கிட்டுப் பயிர் செய்த ஏழை விவசாயிகள். ஜோ குழந்தையாயிருந்தபோதே தந்தை மனநோயாளர் காப்பகமொன்றில் சேர்க்கப்பட்டார். பின்னர் தாயார் மறுமணம் செய்துகொள்ள, 1926இல் குடும்பம் வடக்கே டெட்ரொயிட் நகருக்கு இடம்பெயர்ந்தது. தென் மாநிலங்களின் இன ஒடுக்குமுறைக்கு அஞ்சியும் தொழிற்சாலை வேலைகளை நாடியும் இலட்சக்கணக்கான கறுப்பினத்தவர் வடக்கு நோக்கிப் புறப்பட்ட காலம் அது.

டெட்ரொயிட்டில் தச்சுத் தொழில் கற்பிக்கும் பாடசாலையொன்றில் சேர்ந்த ஜோவை வயலின் பயிலுமாறு தாயார் பணம் கொடுத்து அனுப்பினார் என்றும், மகன் அப்பணத்தைக் குத்துச்சண்டைப் பயிற்சிக்குச் செலவிட்டார் என்றும் கூறப்படுவதுண்டு. 1932இல் தமது முதலாவது அமெச்சூர் போட்டியில் பலமுறை வீழ்த்தப்பட்டுத் தோல்வியடைந்த அவர், இரண்டே ஆண்டுகளில் லைட் ஹெவிவெயிட் பிரிவின் தேசிய அமெச்சூர் சம்பியனானார். 1934ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் திகதி சிக்காகோவில் தொழில்முறை வீரராக முதன்முறை களமிறங்கி, முதற் சுற்றிலேயே எதிராளியை வீழ்த்தினார். அன்று அவருக்குக் கிடைத்த ஊதியம் 59 டொலர் மாத்திரமே.

ஜோ லூயிஸின் சாதனையை மதிப்பிட முற்படுவோர் முதலில் கவனத்திற் கொள்ள வேண்டியது, அவருக்கு முன்னால் மூடப்பட்டிருந்த கதவையாகும். 1908இல் அதிபாரப் பிரிவின் முதலாவது கறுப்பின சம்பியனான ஜாக் ஜோன்சன், தாம் வீழ்த்திய வெள்ளையின வீரர்களை ஏளனம் செய்பவராகவும் வெள்ளையினப் பெண்களை மணந்தவராகவும் இருந்தமையால் அந்நாட்டின் பெரும்பான்மையோரின் வெறுப்புக்கு ஆளானார். 1913இல் அவர்மீது தொடரப்பட்ட வழக்கில் வெள்ளையினத்தவரை மாத்திரம் கொண்ட ஜூரிகள் சபை அவரைக் குற்றவாளியாகக் கண்டது. அதற்காக அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டதே 2018இல்தான். 1915இல் ஜோன்சன் பட்டத்தை இழந்த பின்னர், 22 ஆண்டுகளாக எந்தவொரு கறுப்பினத்தவருக்கும் அப்பட்டத்துக்காகப் போட்டியிடும் வாய்ப்பு அளிக்கப்படவில்லை. திறமை மிக்க பலர் வாசலிலேயே நின்று முதுமையடைந்தனர்.

எனவே, லூயிஸின் முகாமையாளர்களான ஜோன் ரொக்ஸ்பரோவும் ஜூலியன் பிளாக்கும் அவருக்குக் கடுமையான நடத்தை விதிகளை வகுத்தனர். வீழ்ந்த எதிராளியின் முன்னால் மகிழ்ச்சியைக் காட்டக்கூடாது. வெள்ளையினப் பெண்ணுடன் நின்று படம் பிடிக்கக்கூடாது. போட்டிகளில் எவ்வித மோசடிக்கும் இடமளிக்கக்கூடாது. பயிற்றுநர் ஜாக் பிளாக்பர்ன் வேறொன்றையும் கற்பித்தார். கறுப்பின வீரர் ஒருவர் நடுவர்களின் புள்ளிகளை நம்பியிருக்க முடியாது. ஆகவே எதிராளியை வீழ்த்தியே வெல்ல வேண்டும் என்பதே அது. லூயிஸின் உணர்ச்சியற்ற முகமும் மௌனமும் வீழ்த்தியே தீரும் ஆட்டமுறையும் இயல்பினால் மாத்திரம் அமைந்தவையல்ல. காலம் அவர்மீது சுமத்திய நிபந்தனைகளும் அவற்றில் அடங்கியிருந்தன.

1935இல் நியூயோர்க்கின் யாங்கி மைதானத்தில் இத்தாலியரான முன்னாள் சம்பியன் பிரைமோ கார்னெராவை ஆறாவது சுற்றிலும், மற்றொரு முன்னாள் சம்பியனான மக்ஸ் பேயரை நான்காவது சுற்றிலும் லூயிஸ் வீழ்த்தினார். அவரை வெல்ல எவராலும் முடியாது என்ற எண்ணம் பரவியிருந்த வேளையில், 1936 ஜூன் 19ஆம் திகதி ஜேர்மனியின் மக்ஸ் ஷ்மெலிங் அவரைப் பன்னிரண்டாவது சுற்றில் வீழ்த்தினார். லூயிஸ் இடது கையால் குத்திய பின்னர் அக்கையைத் தாழ்த்திக் கொள்கிறார் என்பதைத் திரைப்படச் சுருள்களைப் பார்த்துக் கண்டறிந்திருந்த ஷ்மெலிங், அந்த இடைவெளியில் தமது வலது கையை இடைவிடாது செலுத்தினார். லூயிஸின் தரத்தைக் குறைத்து மதிப்பிடுவோர் இன்றும் சுட்டிக்காட்டும் முதலாவது சான்று இதுவேயாகும்.

எவ்வாறெனினும், 1937 ஜூன் 22ஆம் திகதி சிக்காகோவில் ஜேம்ஸ் பிரடொக்கை எட்டாவது சுற்றில் வீழ்த்தி லூயிஸ் உலக சம்பியனானார். அவருக்கு வயது 23. அந்த வாய்ப்பும் இலவசமாகக் கிடைத்ததன்று. பிரடொக்கின் முகாமையாளர், லூயிஸின் எதிர்காலப் போட்டிகளின் இலாபத்தில் ஒரு பங்கைப் பத்தாண்டுகளுக்குத் தமக்குத் தரவேண்டும் என்ற ஒப்பந்தத்தின் பேரிலேயே சம்மதித்தார். நியாயப்படி முதலில் ஷ்மெலிங்குக்கே அவ்வாய்ப்புக் கிடைத்திருக்க வேண்டும் என்பதையும் இங்கு மறைத்தலாகாது. லூயிஸும் அதை உணர்ந்திருந்தார். ஷ்மெலிங்கை வெல்லும் வரை தம்மை முழுமையான சம்பியனாக அவர் கருதவில்லை.

1938 ஜூன் 22ஆம் திகதி யாங்கி மைதானத்தில் எழுபதாயிரம் பேர் முன்னிலையில் அவ்விருவரும் மீண்டும் சந்தித்தனர். சில மாதங்களுக்கு முன்னரே ஹிட்லர் ஒஸ்ட்ரியாவைத் தம் நாட்டுடன் இணைத்திருந்தார். ஆரிய இனத்தின் மேன்மைக்கு ஷ்மெலிங்கை அடையாளமாக நாஸிப் பிரசாரம் காட்டியது. எதிர்ப்புறத்தில், தன் மண்ணில் உணவகத்திலும் பேருந்திலும் கறுப்பினத்தவரைப் பிரித்து வைத்திருந்த அமெரிக்கா, ஒரு கறுப்பின இளைஞனின் கைகளில் தன் மானத்தை ஒப்படைத்திருந்தது. வானொலியில் பல கோடி மக்கள் செவிமடுத்துக் கொண்டிருக்க, 124 வினாடிகளில் போட்டி முடிவடைந்தது. மூன்று முறை வீழ்த்தப்பட்ட ஷ்மெலிங் முள்ளந்தண்டுப் பகுதியில் முறிவுடன் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். ஷ்மெலிங் நாஸிக் கட்சியில் ஒருபோதும் அங்கத்துவம் பெறாதவர் என்பதும், அதே ஆண்டு நவம்பரில் யூதர்கள் தாக்கப்பட்ட வேளையில் யூதச் சிறுவர் இருவருக்குத் தம் அறையில் அடைக்கலம் அளித்தவர் என்பதும் பின்னரே உலகுக்குத் தெரியவந்தன. பிற்காலத்தில் அவ்விருவரும் நெருங்கிய நண்பர்களாயினர்.

இனி லூயிஸுக்கு எதிராக முன்வைக்கப்படும் வாதங்களைப் பார்ப்போம். முதலாவது, அவரது எதிராளிகள் பலர் தரம் குறைந்தவர்கள் என்பதாகும். 1940 டிசம்பர் முதல் 1941 ஜூன் வரையான ஏழு மாதங்களில் மாதம் ஒருவராக அவர் எதிர்கொண்டவர்களைப் பத்திரிகைகள் கேலிப் பெயரிட்டே அழைத்தன. இரண்டாவது, அவர் தம்மை வீழ்த்த இடமளிப்பவர் என்பது. பட்டத்தை வென்ற அன்றுகூட முதற் சுற்றில் பிரடொக் அவரை வீழ்த்தியிருந்தார். 1947இல் ஜேர்சி ஜோ வோல்கொட் இருமுறை வீழ்த்தினார். அன்று பிளவுபட்ட தீர்ப்பில் லூயிஸ் வென்றதை அரங்கிலிருந்தோர் பலர் ஏற்கவில்லை. மூன்றாவது, அவரது கால்களின் வேகம் குறைவு என்பது. 1941 ஜூன் 18ஆம் திகதி தம்மைவிட எடையில் மிகக் குறைந்த பில்லி கொன்னைத் துரத்திப் பிடிக்க முடியாமல் திணறினார். பன்னிரண்டு சுற்றுகள் முடிந்தபோது மூன்று நடுவர்களில் இருவரின் கணக்கில் கொன் முன்னணியில் இருந்தார். நான்காவதாக, பட்டத்தைக் காத்த 25 போட்டிகளிலும் அவர் எதிர்கொண்ட கறுப்பின வீரர்கள் ஜோன் ஹென்றி லூயிஸ், வோல்கொட் ஆகிய இருவர் மாத்திரமே; தகுதியுடைய ஏனையோர் காத்திருந்தே களைத்தனர் என்ற குற்றச்சாட்டும் உண்டு.

இவ்வாதங்கள் எவையும் பொய்யானவையல்ல. ஆனால் அவற்றின் எடையை நிறுத்துப் பார்க்க வேண்டும். 25 முறை பட்டத்தைத் தக்கவைத்த அவரது சாதனை அதிபாரப் பிரிவில் இன்றுவரை முறியடிக்கப்படவில்லை. லரி ஹோம்ஸ் 20 முறையுடன் நின்றார். மார்சியானோ பட்டத்தைக் காத்தது ஆறு முறை மட்டுமே. 1919 முதல் 1926 வரை சம்பியனாக இருந்த ஜாக் டெம்ப்ஸி ஐந்து முறை காத்தார். கறுப்பின வீரர் ஹரி வில்ஸை அவர் கடைசி வரை சந்திக்கவேயில்லை. லூயிஸோ பட்டத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. வாய்ப்புக் கேட்டவர்களை அடிக்கடி சந்தித்தார் என்பதாலேயே, அவர்களில் சாதாரணமானவர்களும் இருந்தனர். அதேவேளை, ஷார்க்கி, கார்னெரா, பேயர், பிரடொக், ஷ்மெலிங், வோல்கொட் என உலக சம்பியன் பட்டத்தை ஒருகாலத்தில் வகித்த ஆறு பேரை அவர் வீழ்த்தியுள்ளார். தரம் குறைந்தவர்களை மாத்திரம் வென்றவர் என்ற கூற்று இப்பெயர்ப் பட்டியலின் முன் நிற்காது.

வீழ்த்தப்பட்டமையும் அவ்வாறே. வீழ்ந்த லூயிஸ் எழுந்து என்ன செய்தார் என்பதே நோக்கத்தக்கது. ஷ்மெலிங்கை இரண்டாம் முறை முதற் சுற்றிலேயே முடித்தார். கொன்னைப் பதின்மூன்றாவது சுற்று முடிய இரண்டு வினாடிகள் இருக்கையில் வீழ்த்தினார். வோல்கொட்டை 1948இல் பதினோராவது சுற்றில் வீழ்த்தினார். தம்மைத் தடுமாறச் செய்தவர்களுக்கு மீண்டும் வாய்ப்பளித்து, முன்னரைவிடத் தெளிவாக வென்றவர் அவர். 25 போட்டிகளில் மூன்று மாத்திரமே பதினைந்து சுற்றுகள் வரை சென்றன. இடது கையின் நேர்க்குத்துடன் தொடங்கிக் குறுகிய தூரத்தில் அடுத்தடுத்து விழும் அவரது குத்துகளின் துல்லியத்தை இன்றும் பயிற்றுநர்கள் பாடமாகக் காட்டுகின்றனர். 2003இல் ரிங் சஞ்சிகை வெளியிட்ட தலைசிறந்த 100 குத்தாற்றலாளர் பட்டியலில் முதலிடம் அவருக்கே வழங்கப்பட்டது.

இன்றைய வீரர்களின் உடற்பருமனின் முன் சுமார் 200 இறாத்தல் எடை கொண்ட லூயிஸ் நிலைத்திருக்க முடியுமா என்றும் கேட்கப்படுகின்றது. கார்னெரா, அபே சைமன், படி பேயர் ஆகிய மூவரும் 250 இறாத்தல் அளவிலான உடல் கொண்டவர்கள். அவர்கள் அனைவரும் லூயிஸின் முன் வீழ்ந்தனர். எனினும், வெவ்வேறு காலத்தவரைக் கற்பனையில் மோதவிடுவது பயனற்றது என்பதற்கு வரலாற்றிலேயே உதாரணம் உண்டு. 1970இல் கணினியின் கணிப்பு என்ற பெயரில் அலியும் மார்சியானோவும் மோதும் திரைப்படமொன்று காட்டப்பட்டது. அமெரிக்காவில் மார்சியானோ வென்றதாகவும், ஐரோப்பாவில் அலி வென்றதாகவும் வேறு வேறு முடிவுகள் காண்பிக்கப்பட்டன. பார்ப்பவரின் விருப்பமே தீர்ப்பாக அமைந்தது.

சம்பியனாக இருந்த காலத்தின் நீளத்தைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். 1937 முதல் 1949 வரையான 11 ஆண்டுகளும் எட்டு மாதங்களும் என்ற கணக்கில், 1942 மார்ச் முதல் 1946 ஜூன் வரை பட்டத்துக்கான போட்டி எதுவுமே நடைபெறவில்லை. ஆனால் அக்காலத்தில் அவர் ஓய்வெடுத்துக் கொண்டிருக்கவில்லை. 27ஆவது வயதில் இராணுவத்தில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, ஏறத்தாழ இருபது இலட்சம் படையினர் முன்னிலையில் சுமார் 96 காட்சிப் போட்டிகளில் பங்கேற்றார். 1942இல் படி பேயருடனும் அபே சைமனுடனும் மோதிப் பெற்ற ஊதியங்களைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்கு வழங்கினார். கறுப்பின மாலுமிகளைச் சமையலறைக்குள்ளேயே பெரும்பாலும் ஒதுக்கி வைத்திருந்த கடற்படைக்கு அவர் கொடுத்த கொடை அது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். அலி யுத்தத்துக்குச் செல்ல மறுத்துத் தமது சிறந்த ஆண்டுகளை இழந்தார் என்பதை உலகம் அறியும். லூயிஸ் யுத்தத்துக்குச் சென்று தமது சிறந்த ஆண்டுகளை இழந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அவர் பணிந்து போனவர் என்று பிற்காலத்தில் சிலர் கூறியமை முழு உண்மையன்று. இராணுவ முகாமில் அதிகாரிப் பயிற்சிக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்த ஜாக்கி ரொபின்சனுக்கும் ஏனைய கறுப்பினத்தவருக்கும் தமது செல்வாக்கைப் பயன்படுத்திக் கதவைத் திறந்துவிட்டார். அதே ரொபின்சன்தான் 1947இல் பெரிய பேஸ்போல் அணிகளின் நிறத்தடையை உடைத்தவர். 1944இல் அலபாமா முகாமொன்றில் கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்ட பேருந்துத் தரிப்பிடத்துக்குச் செல்ல மறுத்தமைக்காக லூயிஸும் சுகர் ரே ரொபின்சனும் இராணுவப் பொலிஸாரால் தடுத்து வைக்கப்பட்டனர். உலக சம்பியனுக்கு அவர் பிறந்த மாநிலம் கொடுத்த மரியாதை அதுவாக இருந்தது. 1952இல் சான்டியாகோ கோல்ப் போட்டியில் பங்கேற்று, தொழில்முறைக் கோல்ப் சங்கத்தின் நிறத்தடையில் முதல் விரிசலை ஏற்படுத்தியவரும் அவரேயாவார்.

1949 மார்ச்சில் சம்பியனாகவே ஓய்வு பெற்ற லூயிஸ் அத்துடன் நின்றிருந்தால் இன்றைய விவாதத்தில் அவரது இடம் இன்னும் உறுதியாக இருந்திருக்கும். ஆனால் வரித் திணைக்களம் அவரை நிற்கவிடவில்லை. வாழ்நாளில் அவரது போட்டிகள் ஈட்டிய சுமார் 46 இலட்சம் டொலரில் அவர் கைக்கு வந்தது எட்டு இலட்சம் அளவே. ஏனையவை முகாமையாளர், ஏற்பாட்டாளர் எனப் பலரிடையே பங்கிடப்பட்டன. உறவினர்க்கும் நண்பர்க்கும் கேட்டதையெல்லாம் கொடுத்தமையும் கணக்கின்றிச் செலவிட்டமையும் அவரது குறையே. எனினும், யுத்த நிதிக்குக் கொடையாக வழங்கிய ஊதியங்களும் அவரது வருமானமாகவே கணிக்கப்பட்டன. உச்ச வருமானத்துக்கான வரி 90 வீதத்தைத் தாண்டியிருந்த அக்காலத்தில், 1950இல் அவரிடம் கோரப்பட்ட தொகை ஐந்து இலட்சம் டொலருக்கும் அதிகமாகும்.

இதனாலேயே 36 வயதில் மீண்டும் மேடையேறி எஸார்ட் சார்ள்ஸிடம் பதினைந்து சுற்றுகளில் தோற்றார். 1951 ஒக்டோபர் 26ஆம் திகதி 37 வயதான லூயிஸை 28 வயதான மார்சியானோ எட்டாவது சுற்றில் மேடையின் கயிறுகளுக்கு வெளியே வீழ்த்தினார். ஆக, அவர் பெற்ற மூன்று தோல்விகளில் இரண்டு, கடனை அடைப்பதற்காகத் தளர்ந்த உடலுடன் எதிர்கொண்டவை. 66 வெற்றிகளும் அவற்றுள் 52 நொக்-அவுட் வெற்றிகளும் கொண்ட சாதனைப் பட்டியலில் அவ்விரண்டையும் வீரத்தின் கணக்கில் சேர்ப்பதா, வரியின் கணக்கில் சேர்ப்பதா என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

பிற்பட்ட ஆண்டுகள் துயரமானவை. 1956இல் பணத்துக்காக மல்யுத்தக் காட்சிகளிலும் தோன்றினார். 1970இல் மனநோய்ச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். லாஸ் வேகாஸின் சூதாட்ட விடுதியொன்றில் விருந்தினரை வரவேற்கும் பணியில் அமர்ந்தார். 1977இல் செய்யப்பட்ட சத்திர சிகிச்சைக்குப் பின்னர் சக்கர நாற்காலியே துணையாயிற்று. 1981 ஏப்ரல் 11ஆம் திகதி இரவு ஹோம்ஸ் பட்டத்தைக் காத்த போட்டியை மேடையருகே அமர்ந்து பார்த்த அவர், மறுநாள் காலை மாரடைப்பினால் காலமானார். அவருக்கு வயது 66. ஜனாதிபதி ரொனால்ட் றீகன் விதிகளைத் தளர்த்தி அனுமதியளித்ததையடுத்து, ஆர்லிங்டன் தேசிய இராணுவ மயானத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார். இறுதிச் சடங்குச் செலவில் ஒரு பங்கை ஏற்றவர் மக்ஸ் ஷ்மெலிங்.

ஆகவே, எமது வினாவுக்கு வருவோம். தனியொரு இரவில் எவரையும் வெல்லக்கூடிய வீரர் யார் என்று கேட்டால், வேகமும் உயரமும் கால்நடையும் கொண்ட அலியின் பக்கமே தராசு சாயலாம். 1960களிலும் 1970களிலும் லிஸ்டன், பிரேசியர், போர்மன் போன்றோரை வென்றவர் அவர். அதனை மறுப்பது நேர்மையாகாது. ஆனால், சம்பியன் என்ற சொல்லின் முழுப் பொருளையும் அளவுகோலாகக் கொண்டால், அதாவது பட்டத்தை வென்று, எவருக்கும் ஒளிக்காமல், ஆண்டுதோறும் அதனைப் பணயம் வைத்து, தோற்கடித்தவனையும் மீண்டும் அழைத்து வென்ற ஒருவரைத் தேடினால், லூயிஸுக்கு நிகராக மற்றொருவரைக் காட்டுவது கடினம். சர்வதேசக் குத்துச்சண்டை ஆய்வு அமைப்பு 2005இல் அதிபாரப் பிரிவின் தலைசிறந்தவராக அவரையே தெரிவு செய்தமை இதனாற்றான் போலும்.

இவ்விவாதத்தில் அலி பேசிய பேச்சுகள் அலிக்குத் துணை நிற்கின்றன. மார்சியானோவுக்குத் தோல்வியற்ற எண் துணை நிற்கின்றது. பேசக்கூடாது என்ற விதியோடு வாழ்ந்த லூயிஸுக்கோ அவரது செயல்கள் மாத்திரமே சாட்சி. ஜோன்சனுக்குப் பின் அடைக்கப்பட்ட கதவை மௌனத்தாலும் கையுறைகளாலும் திறந்து வைத்தவர் அவர். அக்கதவின் வழியே பின்னர் வந்தவர்களில் ஒருவரே அலி. வந்தவரின் உயரத்தை அளக்கும்போது கதவைத் திறந்தவரின் உழைப்பையும் கணக்கிற் கொள்வதே நீதியாகும்.